உண்ணிக்கு மருந்து

ஆறாம் வகுப்பில் சேர்ந்த முதல் நாள், ஒவ்வொருவராக எழுந்து நின்று அப்பா என்ன வேலை செய்கிறார் என்று சொல்லச் சொன்னார்கள். என் முறை வந்தது. "எங்க நைனா மருந்து அடிக்கிறாரு சார்" என்றேன்.

வாத்தியாரின் குரலில் ஒரு மரியாதை வந்தது. "கம்பவுண்டரா? எந்த ஆஸ்பத்திரி?"

"ஆஸ்பத்திரி இல்ல சார். கய்னில."

வகுப்பே சிரித்தது. வாத்தியாரும் சிரித்தார். எனக்கு மட்டும் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று புரியவில்லை. திருவாலங்காட்டுப் பக்கம் எங்கள் ஊரில் நெல்லுக்குப் பூச்சி விழுந்தால் மருந்து அடிப்பார்கள். முதுகில் டேங்கைக் கட்டிக்கொண்டு அடுத்தவர் கழனியில் அதை அடிப்பதுதான் நைனாவின் வேலை. வீட்டுக்கு வந்தால் சட்டையைக் கழற்றி வெளியே வேலியில் போடுவார். குளித்து முடிக்கும் வரை அம்மா எங்களை அவர் கிட்டே விட மாட்டாள். அழுகின பூண்டும் மண்ணெண்ணெயும் கலந்தது போன்ற ஒரு வாசனை அந்தச் சட்டையில் இருக்கும். எத்தனை முறை துவைத்தாலும் போகாது.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டியவன் நான்தான். கால்நடை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தபோது, தந்தையின் தொழில் என்ற இடத்தில் 'விவசாயம்' என்று எழுதினேன். விடுதியில் யாராவது கேட்டாலும் அதையே சொன்னேன். முதல் இரண்டு தடவை நாக்கு கொஞ்சம் தயங்கியது. பிறகு பழகிவிட்டது. கல்லூரியில் மருந்து என்றால் வேறு. கண்ணாடிக் குப்பியில் வரும், எடைக்குத் தகுந்த அளவு உண்டு, தவறினால் மதிப்பெண் போகும். ஐந்தரை வருடத்தில் அந்தச் சொல்லுக்கு எனக்கு அந்த ஒரு அர்த்தம்தான் மிஞ்சியது. பழைய அர்த்தம் எப்போது கழன்று விழுந்தது என்று தெரியாது. விழட்டும் என்றுதான் இருந்திருப்பேன்.

வேலை கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையை ஒட்டிய ஒரு கிராமத்தின் கால்நடை மருந்தகத்தில் கிடைத்தது. பொன்னேரியில் ஒரு அறை. காலையில் ரயிலேறிக் கவரைப்பேட்டையில் இறங்கினால், ஸ்டேஷனில் நிறுத்தியிருக்கும் பைக்கில் மிச்ச தூரம். இங்கே மாடுகள் இரண்டு கம்பெனிச் சுவர்களுக்கு நடுவில் மேய்கின்றன. லாரி ஹாரனுக்கு அவை தலை நிமிர்வதுகூட இல்லை.

வேலையில் சேர்ந்த முதல் வருடம், பழவேற்காட்டிலிருந்து மீன் ஏற்றி வந்த வண்டிக்காரர் ஒருவர், ஐஸ் பெட்டியின் மேல் ஒரு பூநாரையைக் கிடத்திக்கொண்டு வந்தார். ஒரு பக்கத்து இறக்கை கம்பியில் அடிபட்டுத் தொங்கியது. "டாக்டர் ஊடு எதுன்னு கேட்டேன், இங்க கைகாட்டுனாங்கோ பாய்" என்று சிரித்தார். பார்க்கிற எல்லோரையும் அவர் பாய் என்றுதான் கூப்பிடுவார். எனக்கு அந்தப் பறவையை எங்கே பிடிப்பது என்றுகூடத் தெரியவில்லை. மாடு தெரியும், ஆடு தெரியும், கோழி தெரியும். அவ்வளவு நீளமான கழுத்தை எப்படித் தாங்குவது? நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அது என் கையில் அடங்கிவிட்டது. வண்டிக்காரர் தோளில் கிடந்த துண்டால் அதை மூடிவிட்டுப் போனார்.

அதற்கு அடுத்த மாதம்தான் இணையவழிப் படிப்பில் சேர்ந்தேன். காட்டுயிர்ப் பாதுகாப்பு மருத்துவம், இரண்டு வருடம், தூரத்து நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று நடத்துவது. பாடங்களை ரயிலுக்குக் காத்திருக்கும்போதும் ரயிலிலும் பார்ப்பேன். ஒரு வாக்கியம் ஓடவிட்டு, நிறுத்தி, தெரியாத சொல்லை நோட்டில் எழுதி, மறுபடி ஓடவிடுவேன். வியாழக்கிழமை மதியம் மூன்று மணிக்கு நேரடி வகுப்பு. மருந்தகத்தின் உள்ளறையில் தடுப்பூசிப் பெட்டியின் மேல் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு உட்காருவேன்.

எங்கள் உதவியாளர் அண்ணனுக்கு அது தனிக் கொண்டாட்டம். ஓய்வு பெற நாலைந்து வருடம் இருக்கிற மனிதர். கதவருகில் நின்று வெளியே இருப்பவர்களிடம் உரக்கச் சொல்வார்: "யாரும் பேசாதீங்கோ, வெள்ளக்காரம்மா வந்துகிறாங்க. நம்ம சாரு யானை டாக்டர் ஆவப் போறாரு." பிறகு என் பக்கம் திரும்புவார். "ஆனா சார், ஒரு டவுட்டு. கும்மிடிப்பூண்டில யானை எங்க சார் கீது? லாரிதான் கீது."

அந்தக் கேலியில் உண்மை இருந்தது. படிப்பின் கடைசியில் ஒரு அறிக்கை தர வேண்டும். நம் ஊரில், காட்டுயிரும் வளர்ப்பு விலங்கும் மனிதனும் சந்திக்கிற இடத்தில், நாமே பார்த்த ஒரு நோயோ சாவோ. கூடப் படித்தவர்களில் ஒருவர் சிறுத்தையைப் பற்றி எழுதினார், ஒருவர் யானையைப் பற்றி. என்னிடம் எதுவுமில்லை. கெடு நெருங்கிக்கொண்டிருந்தது.

அப்படி ஒரு வியாழக்கிழமை, வகுப்பு நடக்கும்போது போன் வந்தது. ஏரிப் பக்கத்துத் தெருவில் இரண்டு பசு வைத்திருக்கும் அக்கா. கணவர் இல்லை. ஒன்று வயதான கறவை, மற்றொன்று ஏழு மாதச் சினை. மாட்டுக்கு ஏதாவது என்றால், என்ன செய்யலாம் என்று முதலில் என்னைத்தான் கேட்பார், சொன்னதைச் சொன்னபடி செய்வார்.

"சார், உண்ணி நெறைய புட்ச்சிகினு கீது சார். காதுல, மடில, எல்லாம் கொத்துக் கொத்தா. இன்னா பண்றது?"

திரையில் ஆசிரியை பேசிக்கொண்டிருந்தார். ஊர் ஜனங்களிடம் எப்படிக் கேட்டறிவது என்பதுதான் அன்றைய பாடம். என் பக்கத்து ஒலியை அணைத்துவிட்டு அவசரமாகச் சொன்னேன்: "உண்ணிக்கு மருந்து அடிங்கக்கா. மாட்டு மேலயும் அடிங்க, கொட்டாயிலயும் அடிங்க. கண்ணு மூக்குல படாம பாத்துக்கோங்க."

"செரி சார்."

முழுதாக ஒரு நிமிடம்கூட இல்லை. பாடத்துக்குத் திரும்பினேன். அந்தப் பேச்சை அன்றைக்கே மறந்தும் போனேன்.

சனிக்கிழமை காலை ரயிலில் வரும்போதே அண்ணன் போன் செய்தார். "சார், ஏரிக்கரைல கொக்கு செத்துக் கெடக்குது. ஒண்ணு ரெண்டு இல்ல. நேரா அங்க வந்துடு."

பதினோரு கொக்குகள். மாடுகளின் பின்னாலேயே நடக்கும் சின்னக் கொக்குகள். கரையோரம் புல்லில், இறக்கையை விரித்தபடி, குப்புற. சிலவற்றின் தலையிலும் மார்பிலும் பருவத்தின் ஆரஞ்சு நிறம் ஏறத் தொடங்கியிருந்தது. அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு கம்பெனியின் பின்சுவர், அதிலிருந்து ஏரியைப் பார்த்து நீளும் குழாய். பத்துப் பதினைந்து ஆண்கள் கூடியிருந்தார்கள். அந்தக் கம்பெனியில் முன்பு ஒப்பந்த வேலை பார்த்து நின்றுபோன உயரமான ஒருவர்தான் முன்னால் பேசினார்.

"பாத்தியா சார்? தண்ணிய தொறந்து உட்டுக்கிறானுங்கோ. நாங்க சொன்னா எவன் கேக்கறான்? நீ ஒரு வரி எய்தி குடு. 'கம்பெனித் தண்ணியால செத்துச்சி'ன்னு. இந்தக் கொக்கெல்லாம் கம்பெனி கேட்டு முன்னால கொண்டும் போய்ப் போடறோம்."

அப்போது எனக்குள் என்ன நடந்தது என்பதை ஒளிக்காமல் எழுத வேண்டும். முதலில் வந்தது வருத்தம் இல்லை. சந்தோஷம். எனக்கு ஒரு கேஸ் கிடைத்துவிட்டது. அறிக்கைக்கு ஆங்கிலத்தில் என்ன தலைப்பு வைப்பது என்றுகூட அந்தக் கரையில் நின்றபடியே யோசித்துவிட்டேன். பறவைகளைப் படமெடுத்தேன். குழாயைப் படமெடுத்தேன். பாட்டிலில் தண்ணீர் பிடித்தேன். "அறுத்துப் பாத்துட்டு எழுதித் தரேன்" என்று சொல்லி, பறவைகளை ஐஸ் பெட்டியில் எடுத்துக்கொண்டு வந்தேன்.

மருந்தகத்துப் பின்புறம் ஒரு சிமென்ட் மேடை உண்டு. முதல் கொக்கை அங்கே வைத்து, கையுறை, முகமூடி எல்லாம் போட்டுக்கொண்டு அறுத்தேன். ஏரியில் இரை தேடிய பறவை என்றால் வயிற்றில் மீனோ தவளையோ இருக்க வேண்டும். இல்லை. ஈக்கள் இருந்தன, இரண்டு வெட்டுக்கிளி, அப்புறம் உண்ணிகள். இரத்தம் குடித்து ஆமணக்கு விதை போல ஊதிய உண்ணிகள், ஒரு பிடி.

அப்போதுதான் முகமூடியைத் தாண்டி அந்த வாசனை வந்தது. வேலியில் கிடந்த நைனாவின் சட்டை.

கத்தியைக் கீழே வைத்தேன்.

"இன்னா சார்?" என்றார் அண்ணன்.

"அண்ணே, இங்க யாராவது கய்னில மருந்து அடிச்சாங்களா?"

"அறுப்பு முட்ஞ்சி எல்லாம் காஞ்சி கெடக்குது. இப்போ எவன் சார் மருந்து அடிப்பான்?"

மருந்து அடிப்பான். நான் கேட்டதும் அதே சொல், அவர் சொன்னதும் அதே சொல். எத்தனையோ வருடம் கழித்து என் வாய் அதை நைனாவின் அர்த்தத்தில் சொல்லியிருந்தது. சொன்ன மறுகணம், வியாழக்கிழமை நான் போனில் சொன்னது அப்படியே காதில் கேட்டது. உண்ணிக்கு மருந்து அடிங்கக்கா.

நான் நினைத்தது எங்கள் அலமாரியில் இருக்கும் சின்ன பாட்டில். வந்து வாங்கிப் போங்கள், இத்தனை தண்ணீருக்கு இவ்வளவு என்று சொல்லித் தருவது வழக்கம். அன்று அதைச் சொல்லவில்லை. சொல்லாமலே விளங்கும் என்று நினைத்தேனா, வகுப்பு போகிறதே என்று நினைத்தேனா, இன்றைக்கும் தெரியாது. மருந்து, அதுவும் 'அடி' என்றால், ஒரு விவசாயக் குடும்பத்தில் என்ன புரியும்? இதைத் தெரிந்திருக்க வேண்டியவன் இந்த வட்டாரத்திலேயே என்னைவிட வேறு யார் இருந்திருக்க முடியும்?

அந்த அக்காவுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. அலமாரியில் இருந்த, அந்த விஷத்தை முறிக்கும் அட்ரோபின் ஊசி மருந்து அத்தனையையும் பையில் அள்ளிக்கொண்டேன். அண்ணன் கேள்வி கேட்காமல் பைக்கின் பின்னால் ஏறினார்.

நாங்கள் போனபோது வயதான பசு கொட்டகையில் சாய்ந்து கிடந்தது. உயிர் போயிருந்தது. சினைப் பசு நின்றுகொண்டிருந்தது. உடம்பு முழுக்க தோல் துடித்தது, வாயிலிருந்து எச்சில் கயிறாகத் தொங்கியது, கண்மணி கடுகளவுக்குச் சுருங்கியிருந்தது. அக்கா அதன் கழுத்தைக் கட்டிப் பிடித்தபடி நின்றார். கொட்டகை மூலையில் நீல நிற டேங்க். நைனா முதுகில் கட்டும் அதே மாதிரி டேங்க்.

"வா சார், ஒனக்குத்தான் போன் பண்ணலாம்னு... போன் எங்க வெச்சேன்னே தெர்ல சார். கெய்வி பூட்ச்சி. இத்தயாவது காப்பாத்து சார்."

கெய்வி என்பது வயதான பசு. அதை அப்படித்தான் கூப்பிடுவார்.

"அக்கா, உண்ணிக்கு எந்த மருந்து அடிச்சீங்க?"

"மருந்துதான் சார். கய்னிக்கு வாங்குனது மீந்து கெடந்துச்சி, அத்த நேத்து சாய்ங்காலம் அடிச்சேன். நீ சொன்ன மாதிரியேதான் சார் பண்ணேன். கண்ணுல மூக்குல படக் கூடாதுன்னியே, துணி கட்டி அடிச்சேன். எனக்கும் மூஞ்சில கட்டிக்கினேன்."

ஒரு குறையும் வைக்கவில்லை என்று நான் பாராட்டுவேன் என எதிர்பார்ப்பது போலச் சொன்னார்.

ஊசி போட்டேன். கையுறை மாட்டிக்கொண்டு நானும் அண்ணனும் சோப்புத் தண்ணீரால் மாட்டைக் கழுவினோம். மறுபடி கழுவினோம். அக்காவைக் குளித்துவிட்டு வரச் சொன்னேன். தலை சுற்றுகிறதா, கண் மங்குகிறதா, வயிறு பிரட்டுகிறதா என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். "எனக்கு ஒண்ணியும் இல்ல சார், நீ மாட்டப் பாரு" என்று கடைசியில் கோபப்பட்டார். கண்மணியைப் பார்ப்பது, எச்சிலைப் பார்ப்பது, மறுபடி ஊசி. வெயில் உச்சிக்கு வந்து சாய்ந்தது. அந்த நேரம் முழுவதும் என் மனதில் வேறெதுவும் இல்லை. இந்த ஒரு மாடு நிற்க வேண்டும், அதன் வயிற்றில் இருப்பது பிழைக்க வேண்டும். இரண்டு மணிக்கு மேல் எச்சில் அறுந்தது. பசு தலையை உதறி, தொட்டியில் வாய் வைத்தது. அண்ணன் முதல் தடவையாக உட்கார்ந்தார். "காலைல நாஷ்டா துன்னது சார்" என்றார், யாரிடமோ மன்னிப்புக் கேட்பது போல.

அந்த நேரம் பார்த்து ஏரிக்கரை ஆட்கள் வந்தார்கள். உயரமானவர் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தார். செத்த பசுவைக் கண்டதும் அவர் குரல் உயர்ந்தது.

"பாரு! மாடும் அந்தத் தண்ணியத்தான் குட்ச்சிக்கிது. எய்திட்டியா சார்?"

"ஆமாண்ணா" என்றார் அக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "நேத்து கூட அந்தப் பக்கம்தான் மேஞ்சிகினு இருந்துச்சி. அந்தப் பாவிங்கதான்."

அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை. அந்த இடத்தில் நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஆட்களுக்கு அவர்கள் கேட்ட தாள் கிடைத்திருக்கும். அக்காவுக்குத் தன் கையால் நடந்தது என்ற நினைப்பு இல்லாமல் போயிருக்கும். எனக்கு என் அறிக்கை. அந்தக் குழாய் நல்ல குழாய் என்றும் நான் நம்பவில்லை. கொஞ்ச நேரம், உண்மையாகவே கொஞ்ச நேரம், நான் பேசாமல் ஊசிக் குப்பிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

"தண்ணி இல்ல" என்றேன். "மருந்து. கய்னிக்கு அடிக்கிறது. அத மாட்டு மேல அடிச்சதுல மாடு செத்துச்சி. மாட்டு மேல இருந்த உண்ணியத் தின்னு கொக்கு செத்துச்சி. நான்தான் அடிக்கச் சொன்னேன்."

"நீயா? கய்னி மருந்தையா?"

"மருந்து அடிங்கன்னு சொன்னேன். எந்த மருந்துன்னு சொல்லல."

உயரமானவர் சிரித்தார். "செம்ம சார். கம்பெனிக்காரன் காலைலயே வந்து ஒன்ன கவனிச்சிட்டான் போலக்கீது."

"யோவ், வாய அடக்கு" என்று எழுந்தார் அண்ணன். "தன் மேல தானே பழி போட்டுக்கினு நிக்கறாரு ஒரு ஆளு. எவனாவது டப்பு வாங்கினு அந்த வேல பண்ணுவானா?"

அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஏதோ மெல்ல இறங்கியது.

"அப்போ கெய்விய நானா சார் கொன்னேன்?"

"இல்லக்கா. நான் சொன்னதத்தான் நீங்க செஞ்சீங்க."

"கேட்டுத்தான சார் செஞ்சேன்" என்றார். உள்ளே போய்விட்டார்.

செத்த பசுவை வெளியே தூக்கிப் போட்டால் நாய், காக்கை, பருந்து என்று சாவு நீண்டுகொண்டே போகும். ஆழமாகக் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும் என்றேன். கடப்பாரை கொண்டுவந்தது அந்த உயரமானவர்தான். குழிக்குள் இறங்கி வெட்டும்போதும் திட்டிக்கொண்டுதான் வெட்டினார். "இன்னிக்கி கம்பெனி இல்லன்ற. நாளைக்கி அதுவா இருந்தா எய்துவியா?" எழுதுவேன் என்றேன். பாட்டிலில் பிடித்த தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்பவும் செய்தேன். முடிவு இன்னும் வரவில்லை. அவரும் பார்க்கும்போதெல்லாம் கேட்கத் தவறுவதில்லை. கொக்குகளையும் அதே குழியில் பசுவின் பக்கத்தில் வைத்தோம்.

மறுநாள் நைனாவுக்குப் போன் செய்தேன். நடந்ததைச் சொல்லவில்லை. "நீ மருந்து அடிச்ச கய்னில கொக்கு செத்துப் பாத்துக்கிறியா நைனா?" என்று மட்டும் கேட்டேன்.

"கொக்கா? அடிச்சி முட்ச்சா எப்போடா ஊட்டுக்குப் போவோம்னு இருக்கும். கொக்க எவன்டா திரும்பிப் பாத்தான்?" என்றார். பிறகு, "ஏன் கேக்கற, இன்னா ஆச்சி?" என்றார். ஒன்றுமில்லை என்றேன்.

அறிக்கையை அந்தக் கொக்குகளைப் பற்றியே எழுதினேன். உரிமையாளரிடம் கேட்டறிந்தது என்ற பகுதியில், 'மருந்து அடிங்க' என்ற என் சொல்லையும் எழுத வேண்டியிருந்தது. ஆங்கிலத்தில் ஓர் இடத்தில் நோய்க்குத் தரும் மருந்து என்று வந்தது, இன்னோர் இடத்தில் பூச்சிக்கொல்லி என்று வந்தது. ஆசிரியை ஓரத்தில் குறித்து அனுப்பினார்: இரண்டில் எது? ஒன்றையே பயன்படுத்துங்கள். எங்கள் ஊரில் இரண்டுக்கும் ஒரே சொல்தான் என்று பதில் எழுதினேன். எழுதிவிட்டு, ஆறாம் வகுப்பில் நைனாவின் வேலையைச் சொன்ன கதையையும் அதன் கீழே சேர்த்தேன். இதுவரை யாரிடமும் சொல்லாத கதை. அதை எடுக்க வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றார் அவர்.

மருந்தகத்தில் இப்போது போனில் யாருக்கும் மருந்து சொல்வதில்லை. நேரில் வந்தாலும், 'இந்த பாட்டிலு' என்று கையில் எடுத்துக் காட்டித்தான் சொல்கிறேன். "நம்ம சாரு மருந்துன்ற வார்த்தய உட்டுட்டாரு" என்று அண்ணன் வருகிறவர்களிடம் அறிவிக்கிறார். "வெளிய போர்டுல கூட மருந்தகம்னு கீது, அத்தயும் அழிக்கச் சொல்லுவாரு போல."

சினைப் பசு கன்று போட்டது. அக்கா எனக்குச் சொல்லவில்லை. அண்ணன் வழியாகத் தெரிந்து நானாகவே போனேன். கிடாரிக் கன்று, நெற்றியில் வெள்ளை. தாயும் நன்றாக இருந்தது. அக்கா முறத்தைக் கையில் வைத்துக்கொண்டு கொட்டகை வாசலில் உட்கார்ந்திருந்தார். பசுவின் காலடியில் இரண்டு கொக்குகள் வந்து இறங்கின. அவர் எழுந்து முறத்தைத் தட்டி, "ச்சூ, போ, போ" என்று விரட்டினார். அவை கொஞ்சம் பறந்து மறுபடி வந்தன. மறுபடி விரட்டினார்.

"ஏங்கா தொரத்துறீங்க?"

"மருந்து இன்னும் மாட்டு மேல இருக்கும் சார். துன்னுட்டு செத்துப் போவும்."

"அதெல்லாம் எப்பவோ போயிடுச்சிக்கா. ரெண்டு மாசம் ஆச்சி. ஒண்ணும் ஆவாது, உடுங்க."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமாகப் பார்த்ததாகச் சொல்ல முடியாது.

"நீ சொல்ற சார்" என்றார். "அன்னிக்கும் நீதான சார் சொன்ன."

கொக்குகள் சுவரோரம் போய் நின்று பசுவையே பார்த்துக்கொண்டிருந்தன. ஒன்று மெல்ல ஓரடி எடுத்து வைத்தது. அக்கா முறத்தை ஓங்கினார். நான் தடுக்கவில்லை.